ஆறு வாரத்துக்கு ஆக்கி வைத்தது

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். கட்டி பெரிதாகிவிட்டது, இனி மாத்திரைக்கு அடங்காது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, குக்கர் தூக்கக் கூடாது, அடுப்பின் முன்னால் நெடுநேரம் நிற்கக் கூடாது. நான் ஆபரேஷனைப் பற்றி ஏதாவது கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"ஆறு வாரம் யாருங்க சமைக்கிறது?"

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

எங்கள் வீடு கோலார் பக்கம் மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. நான் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஃபேன்ஸி கடையில் இருக்கிறார். பெண் பியூசி இரண்டாம் வருஷம். வீட்டுக்காரருக்கு டீ போடத் தெரியும், முட்டை வேக வைக்கத் தெரியும். பெண்ணுக்கு அந்த வருஷம் பரீட்சை. வந்து இருந்து பார்த்துக்கொள்ள என் பக்கத்திலும் அவர் பக்கத்திலும் யாரும் இல்லை. ஆறு வாரம் ஓட்டல் சாப்பாடு என்றால் வயிறும் தாங்காது, சம்பளமும் தாங்காது.

மறுநாள் ரயிலில் என் முகத்தைப் பார்த்ததுமே என் சிநேகிதிக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் லைனுக்குப் பின்னால் இருப்பவள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பெங்களூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. ஆறேழு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பெட்டியில் போகிறோம்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். அவள் ஐயோ என்றோ கடவுளே என்றோ சொல்லவில்லை.

"ஆபரேஷனுக்கு இன்னும் எத்தினி நாள் கீது?"

"மூணு வாரம்."

"மூணு வாரம் கீதா? போதும்க்கா. ஆறு வாரத்துக்கும் இப்பவே ஆக்கிடலாம்."

நான் சிரித்துவிட்டேன். "ஆக்கி இன்னா பண்றது? பொட்டில பூட்டி வெக்கிறதா?"

"ஆமா, பொட்டிலதான். கல்லாட்டம் ஒறைய வெச்சிடலாம். எங்க ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழம ஆக்குறத வெள்ளிக்கெழம வரிக்கும் போடுறோம். அந்தப் பொண்ணுங்களுக்கு இது வரிக்கும் தெரியாது."

எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்றைய குழம்பை இன்றைக்குப் பெண்ணுக்கு ஊற்றவே யோசிக்கிறவள் நான். ஆனால் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் அவள் விரல் மடக்கிப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். எதை உறைய வைக்கலாம், எது கெட்டுப்போகும், எதைப் பாதி மட்டும் சமைக்க வேண்டும். பெங்களூரில் இறங்கும்போது என் பட்டியலும் அதில் சேர்ந்திருந்தது.

வீட்டில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜின் மேல் அறையில் ஐஸ் தட்டு ஒன்றுதான் கொள்ளும். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு கூட்ஸ் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அவர் கடைக்கு அடுத்த பேக்கரியில் புது ஃப்ரீஸர் வாங்கிவிட்டு, பழையதைப் பின்பக்கம் போட்டிருந்தார்களாம். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெரிய பெட்டி. பக்கத்தில் ஒட்டியிருந்த ஐஸ்கிரீம் படத்தில் கோன் மட்டும்தான் மிச்சம்.

லைன் வீட்டு வாசல் குறுகலானது. கதவைக் கழற்றி, நாலு பேர் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். பிளக்கைச் சொருகியதும் அது ஒருமுறை உலுக்கிக்கொண்டு உறும ஆரம்பித்தது.

"மா, இது ஃப்ரீஸரா, லாரியா?" என்றாள் பெண். "பரீட்சைக்கு ஓதபேக்கு மா எனக்கு. இந்தச் சத்தத்துல எப்படி ஓதுறது?" படிப்பது அவள் வாயில் கன்னடத்தில்தான் வரும்.

இரண்டு நாளில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

மார்கழி பிறக்கப் போகிற சமயம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முழுக்க அவரைக்காய் மூட்டைகள். எங்கள் பக்கத்து அவரைக்கு ஒரு பிசுபிசுப்பு உண்டு, ஒரு வாசனை உண்டு. கையில் எடுத்தால் சோப்புப் போட்டாலும் போகாது. தக்காளியும் அந்த வாரம் விழுந்து கிடந்தது. கோலார் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, விலை கேட்டு மனம் உடைந்து, கொடுத்த விலைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அது அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாங்கினோம். கொள்ளு, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, ஆட்டுக்குடல், ராகி மாவு. விலை உயர்ந்த சாமான் ஒன்றும் இல்லை. வழக்கமாக எங்கள் வீட்டில் வேகிறதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பிதுக்குப் பருப்பு. உரித்த அவரைக்கொட்டையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிக் குதிக்கும். நான், பெண், சிநேகிதி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினோம். ஒரு பருப்பு எகிறி என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. பெண் வேண்டுமென்றே செய்ததுதான். அவர் துடைத்துவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்தார்.

சிநேகிதி கறாரானவள். நான் கை வைத்த இடத்திலெல்லாம் தடுத்தாள்.

"தேங்கா அரைச்சி ஊத்தாதக்கா. துன்ற அன்னிக்கி அண்ணன் அரைச்சி ஊத்திக்கட்டும். உருளக்கெழங்கு வேணாம், பஞ்சாட்டம் ஆயிடும். உப்பு ஒரு கை கம்மி. சூடா உள்ள வெச்சிட்டா அவ்ளோதான், பக்கத்துல இருக்கிறதும் கெட்டுப்பூடும்."

குழம்பு இறங்கியதும் பாத்திரத்தைப் பெரிய டப்பில் தண்ணீரில் இறக்கி, ஆறும் வரை கரண்டியால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒரு வேளைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் என்று ஊற்றி, காற்றைப் பிதுக்கி எடுத்து மூடி, தட்டில் படுக்க வைக்க வேண்டும். உறைந்தபின் அவை புத்தகம் மாதிரி தட்டையாகிவிடும். நிற்க வைத்து அடுக்கலாம். பெண் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எழுதினாள். சாம்பார். கொள்ளு ரசம். தக்காளித் தொக்கு. குடல் குழம்பு. இட்லியைக்கூட உறைய வைத்தாள் சிநேகிதி. சாப்பிடும்போது மறுபடி ஆவியில் வைத்தால் இப்போதுதான் இறக்கியது போல இருக்கும் என்றாள். நான் நம்பவில்லை. ஒன்றை எடுத்து வைத்துக் காட்டினாள். நம்பினேன்.

"களி மட்டும் ஆவாதுக்கா. அது அன்னன்னிக்கிக் கிண்டுறதுதான்."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் பிதுக்குப் பருப்புக்குச் சோறு போட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள். அன்று சாயங்காலமே அவர் கையில் களி கிண்டும் துடுப்பைக் கொடுத்தேன். முதல் களி கட்டி கட்டியாக வந்தது. உடைத்தால் உள்ளே பச்சை மாவு. இரண்டாவது கூழாகிவிட்டது. "சுரங்கத்துல எறங்கி வேல செஞ்சிடலாம்மே, இது ஆவாது" என்று வியர்வையைத் துடைத்தார். விடவில்லை. மூன்றாம் வாரம் அவர் உருட்டிப் போட்ட உருண்டையில் விரல் பட்டால் ஒட்டவில்லை.

மூன்றாவது ஞாயிறு, கடைசிக் கவரையும் அடுக்கிய பிறகு, நான் தனியாக மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. கீழே வரிசை வரிசையாக ஆறு வாரம் படுத்திருந்தது. இன்னும் வராத செவ்வாய்க்கிழமைகள், வெள்ளிக்கிழமைகள்.

அப்படியே நின்றுவிட்டேன். இருபது வருஷம் சமைத்திருக்கிறேன். ஒரு நாளாவது நான் சமைத்ததை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. காலையில் ஆக்கினால் மதியம் இல்லை, இரவு ஆக்கினால் காலையில் கழுவிய பாத்திரம்தான் இருக்கும். ஒரு சட்டை தைத்தால்கூட அது ஊரில் எங்கோ ஒருவர் உடம்பில் இருக்கும். சமையலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று நினைத்திருந்தேன். இங்கே நான் செய்தது என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. நானா செய்தேன் இத்தனையும்? குளிரில் முகம் மரத்த பிறகுதான் மூடியை இறக்க மனம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முதல் நாள் மழை பிடித்தது. சென்னைப் பக்கம் புயல் என்றால் எங்களுக்குக் காற்றும் தூறலுமாக இரண்டு நாள் போகும். மதியம் எங்கோ டமார் என்று ஒரு சத்தம். மரக்கிளை கம்பியின் மேல் விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. வீட்டில் திடீரென்று ஒரு அமைதி. மூன்று வாரமாகக் கேட்காத சத்தம் நின்ற பிறகுதான் கேட்டது.

சாயங்காலம் வரை கரண்ட் வரவில்லை. நாளைக்கும் வருவது சந்தேகம் என்றார்கள். விஷயம் தெரிந்து லைனில் இருந்தவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். கரைந்து கெட்டுப்போவதற்குள் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், புண்ணியமாவது கிடைக்கும் என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

"குடுத்துடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

என் கை மூடியின் மேல் போனது. அதற்குள் அடுத்த வீட்டுப் பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். சுரங்கம் மூடும் வரை வேலை பார்த்து பென்ஷனோடு இருப்பவர். பேச்சு குறைவு. பல வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் அவரிடம் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"கைய எடும்மா. தொறந்தியா?"

"இல்லீங்க. கரண்ட் போனப்புறம் தொறக்கல."

"ரொம்பி கீதா?"

"மூடி வரிக்கும் கீதுங்க."

"அப்ப ஏன் பயப்படுற? ரொம்பி இருந்தா ஒண்ணுக்கொண்ணு குளிர்ச்சி குடுத்துக்கும். தொறந்தாதான் போவும். நான் கூலிங் பிளான்ட்ல இருந்தவன்மா. கீழ் லெவல்ல பாறையே சுடும், கைய வெக்க முடியாது. மேல இங்க காத்த ஐஸாட்டம் பண்ணி ஷாஃப்ட் வழியா கீழ அனுப்புவோம். சில்லுன்னு ஒரு காத்து வந்தாதான் கீழ ஆளு நிக்கும்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். சுரங்கத்துக்கு இறங்கும் ஷாஃப்ட் தெரியும், ஆளை இறக்கும் கேஜ் தெரியும், ஷிப்டுக்கு ஊதும் சங்கு தெரியும். நாங்கள் நடக்கிற மண்ணுக்கு அடியில், சுடுகிற பாறைக்கு நடுவே நிற்கிற மனிதருக்கு மேலிருந்து ஒருவர் குளிர் காற்று அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதோ, அவர் என் அடுத்த வீட்டுக்காரர் என்பதோ எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வீட்டிலிருந்து இரண்டு கம்பளிகள் வந்தன. எங்கள் மெத்தை மூடியின் மேல் ஏறியது. மாட்டுக்கொட்டகை வைத்திருப்பவரிடம் உமி மூட்டைகள் வாங்கிவந்து சுற்றிலும் அண்டை கொடுத்தார் பெரியவர். பின்பக்கமும் விடவில்லை. "கரண்ட் வந்தா மொதல்ல இதெல்லாம் எடுத்துடணும், இல்லன்னா மோட்டார் எரிஞ்சிடும்" என்றார். பிறகு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார், காய்ச்சல்காரனுக்குக் காவல் இருப்பவர் போல.

மறுநாள் காலை அப்படியே விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். சிநேகிதி லீவு போட்டுவிட்டுப் பெண்ணுக்குத் துணையாக வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை என்றால் பொய். ஆனால் பயத்தின் நடுவில் திரும்பத் திரும்ப அந்தப் பெட்டிதான் வந்தது. பெண்ணுக்குப் போன் செய்தேன். கரண்ட் இல்லை. மறுபடி செய்தேன். இன்னும் இல்லை.

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியைப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. என் வீட்டுக்காரர் என் காதில் வைத்தார்.

"மா! கரண்ட் பந்துடுச்சு மா, வந்துடுச்சு! இப்பத்தான்."

"தொறந்தீங்களா?"

"தாத்தா இப்பதான் கம்பளியெல்லாம் எடுத்தாரு. இரு மா, ஆன்ட்டி இன்னமோ பண்றாங்க."

மறுபக்கம் கசமுச என்று பேச்சு. பிறகு ஒரு சத்தம். டக். டக். டக்.

"கேக்குதாக்கா?" சிநேகிதியின் குரல். "உன் சாம்பாரு. தரையில தட்டுறேன். கல்லுக்கா! ஒரு சொட்டு கரையல!"

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. ஒன்றரை நாள் கரண்ட் இல்லாமல், உமியும் கம்பளியும் போர்த்திக்கொண்டு, ஒன்றை ஒன்று அணைத்தபடி அத்தனையும் உறைந்தே கிடந்திருக்கின்றன. ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த நர்ஸ் "ஏனாயித்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். என் சாம்பார் கல்லாகவே இருக்கிறது என்று நான் கன்னடத்தில் சொன்னேன். மயக்க மருந்து அதற்குள் கொடுத்துவிட்டார்களோ என்று அவள் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அடுக்களைக்குள் என் வீட்டுக்காரர் நடமாடும் சத்தம் கேட்டது. மிக்ஸி ஓடியது, தேங்காய். துடுப்பு பாத்திரத்தில் இடிக்கும் சத்தம். தாளிக்கிற வாசனை வந்தபோது என் வயிற்றில் ஏதோ அசைந்தது. அது பசி என்று உணர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சமைக்கிற நாட்களில் எனக்கு அந்த வாசனையில் பசி வந்ததே இல்லை.

தட்டு வந்தது. ஒரு களி உருண்டை, நடுவில் குழி, குழியில் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஆவி பறந்தது.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன். பருப்பு நாக்கில் பட்டதும் கரைந்தது. சீரகமும் பூண்டும் தனியாகத் தெரிந்தன, பிறகு சேர்ந்துகொண்டன. அவரையின் அந்தப் பச்சை வாசனை கடைசியில் மெதுவாக வந்தது.

"நல்லா கீதே," என்றேன். "யார் செஞ்சது?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாமே, நீதான் செஞ்சே."

கை அப்படியே தட்டில் நின்றது. நான் சமைத்ததை நான் எத்தனையோ ஆயிரம் முறை சாப்பிட்டிருக்கிறேன். கரண்டியின் நுனியில் உப்புப் பார்த்தபடி, நின்றபடி, ரயிலில் டப்பாவைத் திறந்து ஆறிப்போனதாக. அடுப்பின் புகையிலேயே நின்ற மூக்குக்கு அது வெறும் சாப்பாடாகத்தான் இருந்தது. முதல் முறையாக அது சூடாக, இன்னொருவர் கையால், உட்கார்ந்த இடத்துக்கு வந்திருந்தது. இத்தனை வருஷம் இவர்கள் இதையா சாப்பிட்டார்கள்? தினமும் தட்டின் மேல் குனிந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோனதெல்லாம் இதற்கா?

மூன்று வாரத்துக்கு முன்னால், வலியோடு, மாத்திரை போட்டுக்கொண்டு அடுப்பின் முன் நின்றவள் ஒருத்தி. இனி எழுந்து நிற்கவும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டியவளுக்காக அவள் ஆக்கி வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் நானே என்று நம்பத் தடுமாறினேன். கண்ணில் நீர் நிறைந்தது. காரம் அதிகமா என்று பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆமாம் என்று வாங்கிக் குடித்தேன். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஆறு வாரமும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சிநேகிதி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நான் வைத்த கத்தரிக்காய் கூட்டு சேறாகி வந்தது. பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டினாள். ஒருநாள் தக்காளித் தொக்கு என்று எடுத்துக் கரைய வைத்தது குடல் குழம்பாக இருந்தது. தைப்பூச விரதக்காரர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்த நாள் அது. நல்லவேளை, வாசனையிலேயே கண்டுபிடித்தோம். நாலாவது வாரத்தில் அடுத்த வீட்டுப் பெரியவருக்கு ஒரு கவர் கொள்ளு ரசத்தைச் சுட வைத்து, பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறுது, பின்னாடி தூசி தட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏழாவது வாரம் டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக வேலைக்குப் போகலாம், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் கனம் தூக்க வேண்டாம் என்றார். போகிறேன். களி இன்னும் அவர்தான் கிண்டுகிறார். என்னிடம் துடுப்பைக் கொடுக்க மறுக்கிறார்.

போன வாரம் சிநேகிதி வந்திருந்தபோது, நாலு வீடு தள்ளி இருக்கிற பெண் வந்தாள். முதல் பிரசவம், அடுத்த மாதம். அம்மா இல்லை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, பத்தியக் கொழம்பெல்லாம் ஒறையுமா?"

"பூண்டுக் கொழம்பு நல்லா ஒறையும்," என்றாள் சிநேகிதி என்னை முந்திக்கொண்டு. "மொளகுக் கொழம்பும். இன்னா, ஒரு நாப்பது நாளைக்கா?"

அந்தப் பெண் பார்க்க வேண்டும் என்றாள். மூடியைத் தூக்கினேன். எட்டிப் பார்க்கக் குனிந்தவளின் வயிறு பெட்டியின் விளிம்பில் பட்டது. வயிற்றுக்குள்ளேயிருந்து ஓர் உதை விழுந்திருக்க வேண்டும். "ஐயோ, குளுந்துடுச்சு போல!" என்று விலகி, வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.